உதாரணத்துக்கு ஒரு நம்பர்

டெலிபோன் ஆபீசின் இரண்டாம் மாடியில் விசாரணைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பேர்தான் பெரிசு. நாலு நாற்காலி, நாலு ஹெட்போன், சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். இரண்டாவது நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவளை ஆபீசே அக்கா என்றுதான் கூப்பிட்டது. வாட்ச்மேன் கூப்பிட்டார், அவளைவிட நாலு வயசு மூத்த கேஷியர்கூடக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட உண்மையில் உரிமையுள்ளவன் ஒருத்தன்தான். அவன் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம்தான் ஊருக்கு நம்பர் பத்தாமல் போனது. புதுசாகப் போன் கேட்டவர்களுக்குக் கொடுக்க மேலிடத்தில் நம்பரே இல்லை. என்ன செய்யலாம் என்று ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தவர்கள், ஊரை ரயில் தண்டவாளத்தோடு இரண்டாக வெட்டினார்கள். கிழக்கே இருப்பவர்களுக்குப் பழைய ஏரியா கோடு, நாற்பத்தொன்று. மேற்கே இருப்பவர்களுக்குப் புதுசு, நாற்பத்தேழு. போன் நம்பர் மாறாது. தண்டவாளத்தைத் தாண்டிப் பேசினால் கோடு போட வேண்டும், தாண்டாவிட்டால் வேண்டாம். மேற்கே போனவர்களின் நம்பரைப் பழைய கோடோடு சுற்றினால் அறுபது நாளைக்கு ஒரு பதிவுக் குரல் விஷயத்தைச் சொல்லும். அறுபது நாள் முடிந்ததும் அதே நம்பர் பழைய கோடில் கிழக்கே வேறு யாருக்காவது போய்விடும். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான விஷயம் உலகத்திலேயே கிடையாது.

மனுஷங்க காகிதத்திலா குடியிருக்கிறார்கள்? முதல் நாள் காலை எட்டு மணிக்கே ஹெட்போன் சூடாகிவிட்டது. "எங்க வீட்டை எந்த ஊருக்கு மாத்திட்டீங்க?" என்று ஒருத்தர் சண்டைக்கு வந்தார். ஒரு மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ எங்க மாமியார் வீடு இனிமே வெளியூர்க் கணக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. ரயில் நிலையத்தில் முதல் பிளாட்பாரம் பழைய கோடு, இரண்டாவது பிளாட்பாரம் புதுக் கோடு. ஸ்டேஷன் மாஸ்டர் எதிர் பிளாட்பாரத்து டிக்கெட் அறைக்குப் போன் பண்ணுவதை விட்டுவிட்டு ஆளை அனுப்ப ஆரம்பித்தார். ஒரு வாத்தியார், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கோடையும் சேர்த்தே சுற்றிக்கொண்டிருந்தார். ஊரில் சந்தோஷமாக இருந்தது கடைப் போர்டுகளில் கோடு மாற்றி எழுதுகிறவர் மட்டும்தான்.

விசாரணைப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. லைன் வந்ததும் வணக்கம் சொல்ல வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். எதிர்ப்பக்கம் பேச்சு வரவில்லை என்றால், சொல்ல வேண்டியதைச் சொல்லி லைனை வைத்துவிட வேண்டும். பின்னால் முப்பது பேர் காத்திருக்கும்போது பேசாதவனுக்கு நேரம் கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதைக் கையில் ஏற்றிவிடுவார்கள். அக்காவுக்கு எண்ணவே தேவைப்படாது, கை தானாகப் போகும்.

ஆனால் பேசாத போனுக்காகவே வருஷம் பூரா காத்திருந்தவளும் அவள்தான்.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பகலில் தம்பி, மற்ற நேரம் அக்கா என்று மாற்றி மாற்றிக் காவல். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அம்மா தூங்குகிறாள்தானே என்று தம்பி கீழே டீ குடிக்கப் போனான். கடையில் ஒரு பழைய சிநேகிதன் அகப்பட்டான். பேச்சு முக்கால் மணி நேரம் இழுத்துவிட்டது. அவன் மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். நாலு பத்துக்குப் போய்விட்டது உயிர். கடைசியில் தண்ணீர் கேட்டாளாம், பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். ஆபீசிலிருந்து ஓடிவந்த அக்கா, நீண்ட வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க, "இனிமே என் முகத்துல முழிக்காத" என்றாள்.

கோபத்தில் யார்தான் சொல்லவில்லை அந்த வார்த்தையை? சொன்னவர்களும் மறுநாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லையா? ஆனால் இவன் வேறு மாதிரி. சின்ன வயசிலிருந்தே அக்கா சொன்னால் சொன்னதுதான். கிணற்றுப் பக்கம் போகாதே என்றால் போக மாட்டான், பந்து விழுந்தாலும் போக மாட்டான். அம்மா காரியம் முடிந்த மறுநாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று மட்டும் காதில் விழுந்தது; எந்த நாடு, என்ன வேலை, ஒன்றும் தெரியாது.

அடுத்த வருஷம் அதே தேதி, சாயங்காலம் நாலு பத்துக்கு வீட்டுப் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. தூரத்து லைனின் இரைச்சல், அதற்குப் பின்னால் ஏதோ பெரிய மெஷின் ஒன்று தடக் தடக் என்று ஓடும் சத்தம். ஒரு நிமிஷம் கழித்து அக்காவுக்குப் புரிந்தது. முகத்தில் முழிக்கக் கூடாது என்று சொன்னதை அவன் குரலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறான். அவள்தான் பேசினாள். என்ன பேசுவது? பின்கட்டுச் சுவர் இடிந்ததைச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்ததைச் சொன்னாள். வாடா என்று மட்டும் சொல்ல வரவில்லை. வீம்பு. மூன்று நிமிஷத்தில் லைன் விட்டுப்போனது. அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு வருஷமும் வாடா என்று சொல்ல நினைப்பாள், வாயில் வருவது தண்ணீர்க் குழாய் ரிப்பேரும் மளிகைக்கடை மாடி கட்டினதும்தான். இந்த வருஷம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். வயசு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, இன்னும் என்ன வீம்பு.

அக்கா வீடு தண்டவாளத்துக்கு மேற்கே.

அறிவிப்பு வந்த அன்றே காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தாள். அறுபது நாள் முடிந்து பதினோராம் நாள் அம்மா போன தேதி. கோடு மாற்றம் பதினோரு நாள் தள்ளிப்போயிருந்தால் அந்தப் பதிவுக் குரலாவது அவனுக்குப் புதுக் கோடைச் சொல்லியிருக்கும். அதிகாரியிடம் போனாள். ஆபீசில் அவருக்கு ரூல்ஸ் சார் என்று பெயர். கெட்டவர் இல்லை, ரூல்ஸைத் தாண்டி அவருக்கு எதுவும் கண்ணில் படாது.

"சார், என் நம்பருக்கு மட்டும் பதிவுக் குரலை இன்னும் ரெண்டு வாரம் ஓட விட முடியுமா?"

"ஒருத்தருக்கு மட்டும் எப்படிம்மா? எல்லாத்துக்கும் ஒரே சுவிட்சு. ரூல்ஸ் இருக்குல்ல."

"சரி, அந்த நம்பரை யாருக்கும் கொடுக்காமலாவது..."

"லிஸ்ட்டு மேலிடத்துல இருந்து வருது. என் கையில என்ன இருக்கு?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பேச்சை மாற்றினார். "நல்ல வேளை வந்தீங்க. பேப்பர்ல போடுற நோட்டீசுக்கு உதாரணமா ஒரு நம்பர் வேணும். கண்டபடி யாரோட நம்பரையாவது போட்டா கேஸ் போட்டுருவாங்க. நம்ம ஆள் நம்பரா ஒண்ணு சொல்லுங்க."

அக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. பேப்பரில் வரும். பேப்பர் எங்கெங்கோ போகும். ஊர்க்காரன் எவனாவது வெளிநாட்டில் அதைப் பார்ப்பான், தம்பியிடம் காட்டுவான், இல்லாவிட்டால் தம்பியே பார்ப்பான். தன் வீட்டு நம்பர் அவனுக்குத் தெரியாதா?

"என் வீட்டு நம்பரையே போடுங்க சார்," என்றாள்.

அப்படித்தான் நோட்டீஸ் வந்தது. உதாரணம்: முன்பு 41 – 263185. இனி 47 – 263185. பெரிய எழுத்தில், கட்டம் கட்டி. மற்ற விளக்கமெல்லாம் எறும்பு ஊர்கிற சைஸில்.

ஊர் ஜனம் என்ன செய்யும்? கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் இருந்த நம்பர்தான் விசாரணை நம்பர் என்று நினைத்துக்கொண்டது. மேற்குப் பக்கத்து ஆட்கள் சந்தேகம் கேட்க அவள் வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். கிழக்குப் பக்கத்து ஆட்கள் அதே நம்பரைச் சுற்றிப் பதிவுக் குரலிடம் கோபித்துக்கொண்டார்கள். பூட்டிய வீட்டுக்குள் பகல் பூரா மணி அடிக்கிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். அக்கா அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. நோட்டீஸ் பரவுகிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

அறுபது நாள் முடிந்தது. பதிவுக் குரல் நின்றது. நின்றதும் ஊர் மறுபடியும் குழம்பியது, மேலிடம் அதே நோட்டீசை மறுபடியும் போட்டது. அதே கட்டம், அதே நம்பர்.

41 – 263185 யாருக்குப் போனது என்று அக்கா லிஸ்ட்டில் தேடினாள். பார்க்கக் கூடாதுதான், பார்த்தாள். கிழக்கே துணிக்கடைத் தெருவில் பெண்களுக்குத் தைக்கும் ஒரு தையல்கடை. சாயங்காலமே போனாள். ஒரே அறை. இரண்டு மெஷின், சுவர் பூராக் கொக்கியில் பாதி தைத்த ரவிக்கைகள், வெட்டு மேஜை மேல் புத்தம் புதுச் சிவப்புப் போன். தையல்காரம்மா வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"அளவா, ஆல்ட்ரேஷனா?"

"உங்க போன் விஷயமா வந்தேன்."

அவ்வளவுதான். குண்டூசியைத் துப்பிவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் டெலிபோன் ஆபீசா? வாங்க, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். நாலு வருஷம் காத்திருந்து போன் வாங்கினேன். வந்து மூணு நாள் ஆச்சு, ஒரு கஸ்டமர்கூடப் பேசலை. கோடு என்ன, நம்பர் என்னன்னு ஊரே என்னைக் கேக்குது. நான் துணி வெட்டுறதா, இவங்களுக்குப் பதில் சொல்றதா? நேத்து ஒரு நல்ல பட்டுத் துணியில கையைத் தப்பா வெட்டிட்டேன்."

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்தியிடம், ரவிக்கைகளுக்கு நடுவே நின்று சொன்னாள். நோட்டீசில் அந்த நம்பரைக் கொடுத்ததும் தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. தையல்காரம்மா கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்பரை மாத்திக்கலாமா, எனக்கு உங்களுது, உங்களுக்கு என்னுது?"

"அதுக்கு ஆறு மாசம் ஆகும். ரூல்ஸ்."

"அப்போ அன்னைக்கு நீங்களே வந்து இங்க உக்காருங்க. எனக்கும் ஒரு நாள் நிம்மதியா வேலை நடக்கும்."

அந்தத் தேதியில், நோட்டீசைப் பார்த்திருந்தால் வீட்டுக்கே போடுவான் என்று பக்கத்து வீட்டுக்காரரை வீட்டுப் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அக்கா காலை ஒன்பது மணிக்கே தையல்கடைக்குப் போய்விட்டாள். தையல்காரம்மா மேஜையின் ஒரு ஓரத்தை ஒதுக்கி, முக்காலி போட்டுக்கொடுத்தாள். இடத்தில் உட்காரும் முன்னாலேயே போன் அடித்தது.

"ஹலோ, நோட்டீஸ் நம்பருங்களா? எங்க வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே, ஆனா வாசல் மேற்கே பார்த்து இருக்கு. எங்களுக்கு எந்தக் கோடு?"

தையல்காரம்மா எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி ஒரு வசனம் தயார் பண்ணி வைத்திருந்தாள். அக்கா அதையே வாங்கிக்கொண்டாள். "இது நீங்க தேடுற நம்பர் இல்லை. இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க." ஆனால் இருபத்திரண்டு வருஷத்து வேலை சும்மா விடுமா? வசனத்துக்கு முன்னால் சரியான கோடையும் சொல்லித்தான் வைத்தாள்.

பத்தரைக்கு ஒரு போன் பேச்சில்லாமல் வந்தது. "தம்பி, அக்காதான்டா பேசறேன். வீட்டு நம்பர்க் கோடு மாறிப்போச்சுடா, நீ..." என்று ஆரம்பித்தாள். "யாருங்க அது தம்பி? நான் பஸ் டிப்போவுல இருந்து பேசறேன்," என்றது ஒரு கட்டைக் குரல். வெட்கமாகப் போய்விட்டது. தையல்காரம்மா காதில் விழாத மாதிரி மெஷினை மிதித்தாள். பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று, அதுவும் பேச்சில்லை. அதற்கும் தம்பி என்றாள். ஒரு குழந்தை கெக்கே என்று சிரித்துவிட்டு வைத்தது. இரண்டு மணிக்கு இன்னொன்று. தம்பி என்றாள், அதுவும் வேறு யாரோ.

மத்தியானம் தாண்டுவதற்குள் நாற்பது போன் வந்திருந்தது. காது எரிந்தது. சாப்பிடக்கூட முடியவில்லை. மூன்றே முக்காலுக்கு ஒரு ரிட்டயர்டு பெரியவர் பிடித்துக்கொண்டார். தண்டவாளம் அவர் தோட்டத்துக்கு நடுவே போகிறதாம். வீடு கிழக்கே, மாட்டுக்கொட்டகை மேற்கே, போன் கம்பி கொட்டகை வழியாக வருகிறதாம். அப்படியானால் கோடு வீட்டுக்கா, கம்பிக்கா?

"வீட்டுக்குத்தான் ஐயா. நாற்பத்தொன்று."

"எழுத்துல தருவீங்களா?"

"இது தையல்கடை ஐயா."

"அப்போ நீங்க எப்படி நாற்பத்தொண்ணுன்னு சொல்றீங்க?"

வைத்தாள். உடனே அடித்தது. அவரேதான். நோட்டீசை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினார். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் அவரேதான், இந்தத் தடவை பேசவே இல்லை, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார் போல, ரிசீவரில் காகிதம் சரசரத்தது. அக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மணியைப் பார்த்தாள், நாலு ஐந்து. அவன் போன் வரும் நேரத்தில் இந்த மனுஷன் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது? "ஐயா, தயவுசெய்து லைனை விடுங்க" என்று கெஞ்சிவிட்டு வைத்தாள். தையல்காரம்மா எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அக்கா சொம்பை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். போன் அடித்தது.

எடுத்தாள். ஹலோ என்றாள். பேச்சில்லை. மூன்று எண்ணியிருப்பாளா, அதுகூடத் தெரியாது. மறுபடியும் அந்த மனுஷன்தான் என்று மனசு சொன்னது, மிச்சத்தைக் கை பார்த்துக்கொண்டது.

"இது நீங்க தேடுற நம்பர் இல்லை. இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க."

ஆபீஸ் குரல். ஏற்ற இறக்கம் இல்லாமல், தெளிவாக, ஒரு எழுத்து விடாமல். சொல்லி முடித்து ரிசீவர் காதை விட்டு இறங்கும்போதுதான் கேட்டது. இரைச்சல். இரைச்சலுக்குப் பின்னால் தடக் தடக் என்று ஒரு மெஷின். கேட்டது காதுக்கு, ஆனால் கை அதற்குள் ரிசீவரை அதன் இடத்தில் உட்கார வைத்துவிட்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

"யாருங்க, அந்தப் பெரியவர்தானா?" என்றாள் தையல்காரம்மா.

அக்கா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் மட்டும் வந்தது. வைத்தாள். ஒரு வேளை இந்த மெஷின் சத்தமாக இருக்குமோ என்று கேட்பவள் போலத் தையல் மெஷின்கள் இரண்டையும் பார்த்தாள். இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

ஆபீசுக்குப் போன் போட்டாள். பக்கத்து நாற்காலிக்காரிதான் எடுத்தாள். இப்போது இந்த நம்பருக்கு வந்த லைன் எங்கிருந்து வந்தது என்று பார்க்க முடியுமா என்று கேட்டாள். உள்ளூர் லைன் என்றால் ஆபீஸ் மெஷினில் பதிவாகும், வெளிநாட்டு லைன் என்றால் ஒன்றும் பதிவாகாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். இருந்தாலும் அந்தப் பெண் பார்த்தாள். "பதிவே ஆகலக்கா," என்றாள் மெதுவாக. அதிலேயே தெரிந்துவிட்டது.

தையல்காரம்மா கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். வந்த இரண்டு பெண்களை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். நாலே கால் ஆனது, நாலரை ஆனது. போன் அடிக்கத்தான் செய்தது. ஒவ்வொன்றையும் அக்கா முதல் மணியிலேயே எடுத்து, தம்பி என்றாள். ஒருத்தர் கோடு கேட்டார். ஒருத்தர் ராங் நம்பர் என்று வைத்தார். ஐந்து மணிக்கு அந்தப் பெரியவரே லைனில் வந்தார், கண்ணாடி கிடைத்துவிட்டதாம். அவரிடமும் தம்பி என்றுதான் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அழ ஆரம்பித்தாள். ஐம்பத்திரண்டு வயசு மனுஷி, யாரோ ஒருத்தியின் வெட்டு மேஜையில், அளந்து வைத்த துணிமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். வாடா என்ற ஒரு வார்த்தையை ஒன்பது வருஷம் கழித்துச் சொல்லலாம் என்று எடுத்து வந்திருந்தாள். கொடுத்ததோ வேறு.

தையல்காரம்மா துணியை மெதுவாக இழுத்து ஒதுக்கிவிட்டு, முதுகில் கையை வைத்தாள்.

"ராங் நம்பர்னு நெனச்சுக்குவாருங்க. வேற யாரோ எடுத்தாங்கன்னு நெனச்சுக்குவாரு."

"என் குரல் அவனுக்குத் தெரியாதா?"

"அப்போ லைன்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்குவாரு. திரும்பப் போடுவாரு பாருங்க. இன்னைக்கு இல்லன்னா அடுத்த வருஷம் போடுவாரு. நீங்க வந்து உக்காருங்க, நான் முக்காலி போட்டு வைக்கிறேன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்தாள். சிவப்புப் போனை ஒரு தடவை பார்த்தாள்.

"போட மாட்டான்," என்றாள். "அவன் நான் சொன்னா கேக்கிறவன்."